மேல்நோக்கி ஒரு மஞ்சள் அம்பு

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு மனிதரை என் வீட்டு வாசலில் நிறுத்திவைத்து, அவருடைய பையைத் திறந்து காட்டச் சொன்னேன்.

அறுபத்து மூன்று வயதில், முனைவர் பட்டமும் பெற்ற ஒருவன் செய்யக்கூடிய காரியமா இது? இல்லைதான். ஆனாலும் செய்தேன். குரலை உயர்த்தவில்லை. அலுவலகத்தில் ஒரு ஃபைலைக் கேட்பதுபோல்தான் கேட்டேன்.

அவரும் திறந்து காட்டினார். நான் தேடிய பொருள் அதில் இல்லை. ஆனால், என் வீட்டுப் பொருள் ஒன்று இருந்தது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

தில்லி ஜங்புராவில் எங்கள் வீட்டு முன்னால் பழைய வெள்ளைக் கார் ஒன்று எட்டு மாதமாக உறை போர்த்தியபடி நிற்கிறது. என் மகனுடையது. மார்ச்சில், நான்கு நாள் காய்ச்சல்… அதைப் பற்றி வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் இதுவரை எழுதியதில்லை, இன்றும் எழுதப்போவதில்லை. கார் நிற்கிறது, அவ்வளவுதான். அதன் எஞ்சினில் ஒரு டர்போசார்ஜரைப் பொருத்திக்கொண்டிருந்தான். வேலை பாதியில் நின்றுவிட்டது.

டர்போ என்பது வேறொன்றுமில்லை. எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகத்தில் ஒரு சிறிய காற்றாடி சுழலும். அந்தச் சுழற்சி எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். வண்டி பாயும். ஆனால் அந்தப் பகுதி தணல்போலச் சுடும். ஆகவே அதன் நடுவே தண்ணீர் ஓடவேண்டும் — எஞ்சினிலிருந்து தண்ணீரைக் கொண்டுவர ஒரு குழாய், திருப்பி எடுத்துச் செல்ல இன்னொன்று. இந்த வாரத்து வழக்கு முழுவதும் அந்த இரண்டாவது குழாயைப் பற்றியதுதான்.

மூன்று வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிறு காலை, மாரிமுத்து வந்து நின்றார். மெக்கானிக். இங்கே தமிழர்கள் குடியேறிய மதராசி கேம்ப் குடிசைப் பகுதியில் பிறந்தவர். பக்கத்துப் பேட்டையான போகலில் ஒரு மரத்தடியில் பட்டறை வைத்திருக்கிறார். அவர் பேசுவது பெற்றோர் கொண்டுவந்த சேலத்துத் தமிழும் இந்த ஊர் இந்தியும் கலந்த பேச்சு.

"சார், தம்பி வண்டிய முடிச்சுக் குடுத்துர்றேன்."

"நான் உங்களைக் கூப்பிடவில்லையே?"

"நீங்க கூப்புடல சார். தம்பி சொல்லிவெச்சிருந்தாரு."

எட்டு மாதம் கழித்தா நினைவு வந்தது? முப்பத்தைந்து ஆண்டு தில்லியில் வாழ்ந்தவனுக்கு, கூப்பிட்டும் வராதவர்களைச் சமாளிக்கத் தெரியும். கூப்பிடாமல் வருகிறவரை என்ன செய்வது?

மாடி வீட்டுப் பஞ்சாபிக்காரர் பால்கனியிலிருந்து குனிந்து, "டாக்டர் சாப், ஆங்கேன் குலீ ரக்னா" என்றார். கண்களைத் திறந்தே வைத்திருக்க வேண்டுமாம். மாரிமுத்துவின் காதிலும் அது விழுந்தது. அவர் காதில் விழட்டும் என்றுதான் நானும் இருந்தேன்.

பிரம்பு நாற்காலியைக் காரின் முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பானெட்டைத் தூக்கினார். உள்ளே எட்டு மாதத் தூசி, எண்ணெய்ப் பிசுக்கு, அவற்றின் அடியில் அங்கங்கே மஞ்சளாக ஏதோ சாக்பீஸ் கிறுக்கல்.

"முதலில் இதையெல்லாம் துடைத்துவிடுங்கள். சுத்தமாக இருந்தால்தான் எது எங்கே இருக்கிறதென்று தெரியும்."

அவர் துணியைக் கையில் எடுத்தார், ஆனால் துடைக்கவில்லை.

"இது இருக்கட்டுமே சார்."

"ஏன்?"

"இல்ல… சும்மாதான்."

சும்மா! அரசுப் பணியில் முப்பத்தோரு ஆண்டு கொதிகலன்களின் வரைபடங்களைச் சரிபார்த்தவன் நான். 'சும்மாதான்' என்று எவர் சொன்னாலும் அந்தப் பக்கத்தை இருமுறை படிப்பேன். இவர் எதை மறைக்கிறார்? துணியை வாங்கிக்கொண்டேன். மண்ணெண்ணெயில் நனைத்து நானே துடைத்தேன். அரை மணி நேரத்தில் உள்ளே எல்லாம் பளிச்சென்று ஆகிவிட்டது. மாரிமுத்து முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். குற்றவுணர்ச்சி — என்று மனத்துக்குள் குறித்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு அந்தக் குழாயின் முறை. டர்போவிலிருந்து கிளம்பி, எஞ்சினுக்குப் பின்புறமாகச் சுற்றி, சாய்வாக ஏறி, மேலே இருக்கும் தண்ணீர் டப்பாவைப் போய்ச் சேர்ந்தது. நேர் வழி இருக்க, இப்படி ஊரைச் சுற்றுவானேன்? பக்கத்திலேயே மற்றக் குழாய்கள் வரிசையாக, ஒழுங்காகப் போகின்றனவே…

"தம்பிதான் இப்பிடிப் போடச் சொன்னாரு சார்."

இறந்தவன் பெயரில் யாரும் எதையும் சொல்லலாம். மறுத்துப் பேச அவன் வரப்போவதில்லை.

"மற்றக் குழாய்களோடு சேர்த்து நேராகக் கொண்டுபோங்கள். சம இடைவெளியில் கிளிப் போடுங்கள்."

"அப்பிடிப் போனா நடுவுல ஒரு மேடு வரும், சார்."

"வரட்டும்."

"அச்சா சார்… அந்தப் பழைய ஓஸ?"

"தூக்கிப் போடுங்கள்."

ஓஸ் என்றால் ரப்பர் குழாய். புதிதாக ஒன்றை வெட்டி, நான் சொன்ன இடத்தில், நான் சொன்னபடியே மாட்டினார். பார்க்க அழகாக இருந்தது. ஒழுங்காக இருப்பதெல்லாம் நேர்மையாகவும் இருக்கும் என்று நம்பியே ஓய்வு பெற்றவன் நான்.

இனி, போன ஞாயிறு. தண்ணீர் நிரப்பி எஞ்சினைக் கிளப்பினோம். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். உள்ளே, அடுப்படியில் என் மனைவி பாத்திரங்கள் கழுவும் ஓசை நின்றுபோனதைக் கவனித்தேன். பத்து நிமிடம் குறையில்லாமல் ஓடியது. நிறுத்தினோம்.

ஒரு நிமிடம் இருக்கும். உள்ளேயிருந்து களக் களக்கென்று ஒரு கொதிப்பு. தண்ணீர் டப்பாவின் மூடியோரத்தில் ஆவி பீறிட்டது. எஞ்சின் ஓடும்போது ஒன்றுமில்லை. நின்ற பிறகு கொதிக்கிறது. இது எப்படி?

எனக்கு ஒரே ஒரு விடைதான் தோன்றியது. என் மகன் வாங்கிவைத்திருந்த நல்ல உதிரிப்பாகம் எதையோ இவர் கழற்றிக்கொண்டு, பழையதை மாட்டியிருக்கிறார்.

அப்போதுதான் பையைத் திறந்து காட்டச் சொன்னேன்.

ஸ்பேனர்கள். செம்பு வாஷர்கள். டிபன் டப்பா. அதற்கடியில், செய்தித்தாளில் சுற்றிய அந்தப் பழைய குழாய்.

"தூக்கிப் போடச் சொன்னேன் அல்லவா?"

"சொன்னீங்க சார். எப்பிடிப் போடறது?"

குழாயைத் திருப்பிக் காட்டினார். அடிப்பக்கம், மஞ்சள் பெயின்ட்டில் ஓர் அம்புக்குறி. அருகே இந்தியில் ஒரே ஒரு சொல் — ஊபர். மேலே. இந்தி எழுத்துகளின் தலைமேல் ஒரு கோடு போடுவார்கள். அது சொல்லோடு நிற்கவேண்டும். என் மகன் மட்டும் அதைச் சொல்லையும் தாண்டி இழுத்துவிடுவான். பள்ளி நாள்களில் அதற்காகப் பலமுறை கண்டித்திருக்கிறேன். இந்தக் கோடும் தாண்டித்தான் போயிருந்தது.

"எனக்குத் தமிழு படிக்க வராதுன்னு இந்தியில எழுதிவெச்சாரு சார். உள்ளயும் அங்கங்க இதே மாதிரி அம்பு போட்டிருந்தாரு, சாக்பீஸ்ல. அன்னிக்கு நீங்க…"

பானெட்டுக்குள் கையைக் காட்டினார்.

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை?"

"ரெண்டு தபா வாயத் தொறந்தேன் சார். நீங்க என் கையையே பாத்துக்கிட்டு இருந்தீங்க."

ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. "ஏங்க, அவரு பையிலயா தேடுதீய?" திருநெல்வேலியை விட்டு வந்து எத்தனையோ ஆண்டு ஆகியும் அவள் பேச்சு மாறவில்லை. அந்தக் கேள்வியே போதுமானதாக இருந்தது.

எஞ்சின் நின்றால் தண்ணீரைத் தள்ளும் பம்ப்பும் நின்றுவிடும். டர்போவின் சூடு மட்டும் நிற்காது. அங்கேயே தேங்கிய தண்ணீரில் அது இறங்கும். சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும். ஏறி வெளியேற, வழி முழுவதும் மேல்நோக்கியே இருக்கவேண்டும். நடுவே ஒரு மேடு வந்து குழாய் மறுபடி கீழே இறங்கினால், ஆவி அந்த மேட்டில் சிக்கிக்கொள்ளும். ஓட்டம் தடைப்படும். தண்ணீர் கொதிக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், என் ஆராய்ச்சிப் பட்டமே இந்த விஷயத்தில்தான். பம்ப் இல்லாமல், சூட்டினால் மட்டுமே நீர் சுழல்வது பற்றி. இதே மாதிரி மேடுகளைக் கொதிகலன் வரைபடங்களில் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பி அனுப்பியவன் நான். என் மகனுக்கு இதை நான் ஒருநாளும் சொன்னதில்லை, அவனும் கேட்டதில்லை. எங்கிருந்து தெரிந்துகொண்டானோ…

அப்படியானால் என் கண்ணுக்கு அந்த மேடு ஏன் தெரியவில்லை? கண்களைத் திறந்துதானே வைத்திருந்தேன்? சந்தேகம் கூர்மையாகத்தான் பார்க்கும். ஆனால் ஆளையே பார்த்துக்கொண்டிருக்கும், குழாயைப் பார்க்காது.

எஞ்சின் ஆறுவதற்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். என் மனைவி மாரிமுத்துவுக்கு டீ கொடுத்தாள். மகனுடைய டம்ளரில். பழைய குழாயை அதன் பழைய வழியிலேயே மாட்டினார். மறுபடியும் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினோம். ஒரு நிமிடம்… இரண்டு நிமிடம்… சத்தமில்லை.

"டப்பா பக்கம் ஓஸ்ல கை வெச்சுப் பாருங்க சார்."

வைத்தேன். குழாய் மெல்ல மெல்லச் சூடாகிக்கொண்டு வந்தது. எஞ்சின் நின்றுவிட்டிருந்தது. தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கையை எடுக்க எனக்குச் சற்று நேரம் பிடித்தது. மாரிமுத்து ஸ்பேனர்களைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்ததையே திரும்பவும் துடைத்தார்.

"உங்கள் பையைத் திறக்கச் சொன்னது தவறு" என்றேன் கடைசியில்.

"விடுங்க சார். தூக்கிக்கிட்டுப் போனது நெசந்தான?" என்று சிரித்தார்.

அவர் எடுத்துப் போன ஓர் அம்பு திரும்பி வந்துவிட்டது. நான் துடைத்தவை எத்தனை என்று அவரிடம் கேட்கவில்லை.

அடுத்தவர் பையைத் திறக்கச் சொல்லுமுன், நம் கையிலிருக்கும் துணியை ஒருமுறை விரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.