முப்பத்தொரு பிழைக்காரன்

1912ஆம் ஆண்டின் பேஸ்பால் ஆட்டங்கள் முடிந்ததும் எங்கள் பென்சில்வேனியா சுரங்க ஊரின் பத்திரிகைக்காரன் ஒரு பட்டியல் போட்டான். முதல் தளத்தில் நின்று, மற்றவர்கள் எறியும் பந்தைப் பிடிப்பவர்களில் அதிகப் பிழை செய்தவன் மிகல் ஸ்டோபாக், முப்பத்தொன்று. அதே பட்டியலில், தளத்துக்குப் பந்து எறிவதில் மிகக் குறைவாகத் தவறியவன் என்று என் பெயர், க்ரிஃபித் ப்ரோபர்ட். எனக்கு வெள்ளிக் கோப்பை தந்தார்கள். அதை அலமாரியில் வைத்துவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மிகல் பதினொரு வருடம் சுரங்கத்துக்குள் கரி வெட்டியவன். அவன் அப்பாவும் அண்ணனும் இருமி இருமியே நாற்பதைத் தொடாமல் போய்ச் சேர்ந்தார்கள். அவனுக்கும் இருமல் தொடங்கிய வருடம்தான், அந்த நீளமான கைகளைப் பார்த்து அணியில் சேர்த்தோம். சுரங்கக் கம்பெனி அணியில் ஆடுகிறவனுக்குத் தரைக்கு மேலேயே வேலை. சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களின் விளக்குகளைத் துடைத்துக் கொடுக்கும் விளக்கு அறை மிகலுக்குக் கிடைத்தது, இருமல் அடங்கியது. "என் புருஷன் முகம் என்ன நிறம்னே இப்பதான் தெரிஞ்சுது" என்று அவன் மனைவி சூசன்னா கடைத்தெருவில் சொல்லிச் சிரிப்பாள்.

பட்டியல் வந்த மறுநாள் சுரங்க மேலாளர் க்ரோவ் அறிவிப்பு ஒட்டினார். அடுத்த வருடம் முதல் தளத்தில் அவர் மைத்துனன் லெஸ்டர். மிகல் விரல் ஒடிந்து கிடந்தபோது நின்றவன். பிழை மூன்றே மூன்று. சனிக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகிவிட்டால் திங்களன்று மிகல் மறுபடி சுரங்கத்துக்குள். அவன் விளக்குகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

என் மனைவி ஆல்வென் எல்லா ஆட்டத்துக்கும் வந்து, மடியில் நோட்டை வைத்து ஒவ்வொரு பந்தையும் குறிப்பவள். அன்று மாலை சமையலறை மேசையில் நோட்டுத் தாள்களை இரண்டு கட்டாகப் பிரித்து வைத்திருந்தாள்.

"க்ரிஃப், இங்க வா. இது மிகல் நின்ன நாப்பத்திநாலு ஆட்டம். இது அவன் இல்லாத பதினாறு."

"அவன் பிழையத்தான் ஊரே எண்ணிடுச்சே."

"அவனோடத எண்ணல. உன்னோடத எண்ணினேன்."

மிகல் நின்ற நாற்பத்துநாலு ஆட்டத்தில் நான் எறிந்து தவறியது ஆறு. லெஸ்டர் நின்ற பதினாறில் பத்தொன்பது! எறிகிற மற்றவர்கள் கதையும் அதுதான்.

எனக்குச் சுருக்கென்றது. "நீ யார் பக்கம்டி?"

"பென்சில் பக்கம். நீ எறியறது பாதி மண்ணுல குத்திட்டுத்தான் போகுது. அவன் விழுந்து பொறுக்கலன்னா உனக்கேது கோப்பை?"

கத்தினேன். தட்டைத் தள்ளினேன். ஆனால் உள்ளுக்குள் தெரியும். தாழ்ந்து வரும் பந்துக்கு லெஸ்டர் குனியவே மாட்டான், கால்சட்டை அழுக்காகிவிடுமாம். பந்து போய்விடும், பிழை எறிந்தவன் பேரில். மிகல் ஒரு காலைத் தளத்தில் ஊன்றி உடம்பையே மண்ணில் கிடத்துவான். பத்தில் ஒன்பது மாட்டும். பத்தாவது கையுறையில் பட்டு நழுவினால், தொட்டவன்தான் பிழைக்காரன் என்று எழுதுவது எங்கள் பக்கத்து வழக்கம். முயற்சி செய்தவனுக்கு முப்பத்தொன்று, சும்மா நின்றவனுக்கு மூன்று. நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது.

"நான் சொன்னா பொம்பள பேச்சும்பாங்க" என்றாள் ஆல்வென். "நீ சொல்லு."

சனிக்கிழமை மதியம் தீயணைப்புக் கொட்டகையில் ஊரே கூடியது. கோப்பையை மேசைமேல் வைத்துவிட்டு இரண்டு கட்டுத் தாள்களையும் பார்த்து வாசித்தேன். என் பத்தொன்பதைச் சொன்னபோது பின்னாலிருந்து ஒருவன், "கோப்பையத் திருப்பிக் குடுடா, திருட்டுப் பயலே!" என்று கத்தினான்.

"குடுக்கத்தான்டா கொண்டாந்திருக்கேன்!"

லெஸ்டர் எழுந்து க்ரோவைப் பார்த்தான். "கணக்கெல்லாம் எப்படி வேணா ஆடும், மாமா."

"ஆடட்டும்" என்றேன். "மிகல் நின்ன நாப்பத்திநாலுல இருபத்தொம்போது ஜெயிச்சோம். இவன் நின்ன பதினாறுல நாலு. பக்கத்துச் சுரங்கத்துக்காரன்கிட்ட மூணு தடவை தோத்தோமே சார், மூணும் எந்தக் கட்டுல இருக்கு தெரியுமா?"

அதுதான் குத்தியது. பக்கத்துச் சுரங்க மேலாளரின் இளிப்பை க்ரோவ் அந்தக் கோடை முழுக்கப் பொறுத்துக்கொண்டவர். தாள்களைப் பிடுங்கித் தானே விரல்விட்டு எண்ணினார். இரண்டு முறை.

"லெஸ்டர், பெஞ்சுல உக்காரு. ஸ்டோபாக், உன் எடத்துல நீயே நில்லு."

சூசன்னா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மிகல் என் கையைப் பிடித்தான். பிறகு தாழ்ந்த குரலில், "க்ரிஃப், பரவால்ல, ஆனா கொஞ்சம் உசரமா எறியக் கூடாதா?" என்றான். ஆல்வென் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கோப்பையை அவன் வீட்டுக்கே கொடுத்தனுப்பினேன்.

வசந்தத்தில் முதல் ஆட்டம், பக்கத்துச் சுரங்கத்துக்காரர்களோடுதான். மூன்றாம் சுற்றில் வழக்கம்போல நான் தரையில் குத்தினேன். மிகல் முழு நீளத்துக்கும் பாய்ந்தான். பந்து கையுறையில் பட்டு நழுவியது. பத்திரிகைக்காரன் பென்சிலை எடுத்ததைப் பார்த்ததும் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று, தொப்பிகளை வீசி, ஒரே குரலில் எண்ணியது: "ஒண்ணு!"

மண்ணில் கிடந்த மிகல் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தான். அந்த வருடம் முப்பத்தாறு வரை எண்ணினோம். அதற்குப் பிறகு அவன் சுரங்கத்துக்குள் இறங்கவே இல்லை.