ஓக் நாற்காலியின் காவல்காரி

கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு சிறிய தனியார் அருங்காட்சியகத்தில்தான் அந்த அம்மாளைப் பார்த்தேன். விக்டோரியா ராணி காலத்தில் ஓர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்துச் செய்த ஓக் மர நாற்காலி ஒன்று அங்கே இருந்தது. அதைப்போல உலகத்தில் வெகு சிலதான் மிச்சமாம். அதில் யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் வேலை. நாகர்கோவில்காரர்; குள்ளமான உருவம், கனத்த கண்ணாடி. யாராவது நெருங்கினால் தொண்டையைக் கனைப்பார்.

அன்று வந்த ஒரு பிரமுகர் அந்தக் கனைப்பை லட்சியம் செய்யாமல் கயிற்றைத் தாண்டி, ஜம்மென்று உட்கார்ந்துவிட்டார். கூட வந்த அருங்காட்சியக மேலாளர் இளித்தார்.

"எந்திரிங்க சார்," என்றார் அந்த அம்மாள்.

"ஞான் ஆரான்னு அறியுமோ?" என்று மலையாளத்தில் அதட்டினார் பிரமுகர்.

"எனக்கு அறியும் சார். நாற்காலிக்கு அறியாதுல்லா."

மேலாளரின் முகம் வெளிறியது. அம்மாளின் வேலை போயிற்று என்றே நினைத்தேன். பிரமுகர் முறைத்தார், பிறகு என்ன தோன்றியதோ, சிரித்துக்கொண்டே எழுந்து போனார்.

"நீங்க இதுல உக்காந்ததே இல்லையா?" என்று கேட்டேன்.

"தூசி தட்டையில ஒருநாள் உக்காந்தேன். நடுமுதுகுல குத்துது. வரைஞ்சவன் இதுல உக்காந்தே பாத்திருக்க மாட்டான் சார்."

இவ்வளவு மட்டமாக நினைத்த நாற்காலிக்காக அவர் ஏன் வேலையையே பணயம் வைத்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.