பொன்னாடை போர்த்திக்கொண்டு சொன்ன பதில்

ஆறு வருடங்களுக்கு முன்னால், ஒரு மாசி மாத வெள்ளிக்கிழமை. செஞ்சியில் நான் படித்த பள்ளியில், பிளஸ் டூ பெண்களுக்கு மேற்கொண்டு என்ன படிக்கலாம் என்று சொல்ல ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். பழைய மாணவி, இன்ஜினியர், சென்னையில் வேலை. இதற்கு மேல் என்ன தகுதி வேண்டும்?

நான் படித்தது பயோமெடிக்கல் இன்ஜினியரிங். டாக்டர் சீட்டுக்கு மார்க் பத்தாமல் போனவர்களில் பாதிப் பேர் அழுது முடித்துவிட்டு எடுக்கிற படிப்பு. நானும் அழுதுவிட்டுத்தான் எடுத்தேன். ஆஸ்பத்திரியில் இருக்கிற ஸ்கேன், வென்டிலேட்டர், மானிட்டர் எல்லாவற்றையும் வடிவமைக்கவும் பழுது பார்க்கவும் சொல்லித் தருவார்கள். படிப்பைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல படிப்புதான். படித்து முடித்த பிறகுதான் கூத்து.

மெஷின் கம்பெனிகளுக்கு இன்டர்வியூ போனேன். "ஊர் ஊரா சுத்தணும், எந்த நேரத்துல கூப்பிட்டாலும் போகணும், பொண்ணுக்கு ஒத்து வருமா" என்று கேட்டார்கள். வரும் என்றேன். தலையாட்டிவிட்டு, என்னோடு வந்த பையனை எடுத்துக்கொண்டார்கள். இன்னொரு இடத்தில் மெஷினை விற்கிற வேலைதான் காலி, பைக் ஓட்டத் தெரியுமா என்றார்கள். கடைசியில் பாண்டிச்சேரிப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் கான்ட்ராக்டில் இருந்தேன். ஃப்யூஸ் மாற்றுவது, காணாமல் போன பி.பி. பட்டையைத் தேடுவது, ரிஜிஸ்டர் எழுதுவது. எந்த மெஷின் சும்மா கத்துகிறது, எது நிஜமாகவே கத்துகிறது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அங்கிருந்த நர்ஸ்கள்தான். அவர்கள் டிபன் பாக்ஸில் பாதி என் வயிற்றுக்குள்தான் போனது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கான்ட்ராக்ட் முடிந்ததும் சென்னையில் மெடிக்கல் கோடிங் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டேன். அமெரிக்காவில் யாருக்கோ முட்டி வலி என்றால், டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, அந்த முட்டி வலிக்கு என்ன நம்பர் என்று கம்ப்யூட்டரில் போட வேண்டும். இன்சூரன்ஸ்காரனுக்கு அந்த நம்பர் வேண்டுமாம். கேவலமான வேலை இல்லை, சோறு போடுகிறது. ஆனால் அதற்கு இன்ஜினியரிங் தேவையில்லை. எனக்குப் பக்கத்து நாற்காலிப் பெண் மூன்று வருடம் பி.எஸ்ஸி. படித்தவள், என்னைவிட வேகமாக முடிப்பாள்.

வீட்டில் இதைச் சொல்லவில்லை. என் நைனாவுக்கு பஜாரில் சின்னதாக ஒரு தையல் கடை. "கம்பெனி மாறிட்டேன் நைனா" என்றபோது, தைத்துக்கொண்டே, "அதே மெஷின் வேலதான?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. அதை வைத்துக்கொண்டு அவர் கடைக்கு அளவு கொடுக்க வந்த அத்தனை பேரிடமும், எம் பொண்ணு ஆஸ்பத்திரி மெஷின் செய்யுது என்று சொல்லி முடித்துவிட்டார். பள்ளிக்கூடத்துக்குச் செய்தி போனதும் அப்படித்தான்.

கூட்டத்துக்கு நைனா தைத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனேன். கழுத்தில் கம்பெனி ஐ.டி. கார்டு. அதில் கம்பெனிப் பெயரோடு ஹெல்த்கேர் என்று ஒரு வார்த்தை இருந்தது, அது போதாதா? டீச்சர் பொன்னாடை போர்த்தி, "உயிர் காக்கும் கருவிகளை உருவாக்கும் நம் செஞ்சிப் பெண்" என்று மைக்கில் சொன்னார். கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டையோடு நைனா உட்கார்ந்திருந்தார். அவரை யார் கூப்பிட்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. அவரைப் பார்த்ததும் உண்மை சொல்லலாம் என்று இருந்த கொஞ்ச நஞ்ச எண்ணமும் போய்விட்டது.

பேசினேன். ஏழு மாத ஆஸ்பத்திரி அனுபவத்தை இழுத்து நீட்டி, இன்றைக்கும் அங்கேயே இருப்பதுபோல் பேசினேன். முடித்ததும் மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கிறவள். ஊர்ப் பெயர் வேண்டாம்.

"அக்கா, நான் நர்சிங் சேரலாம்னு இருக்கேன். நீங்க சொல்றது அத விட நல்லதாக்கா? வேல கண்டிப்பா கெடைக்குமா?"

எவ்வளவு நேரான கேள்வி. என்னிடம் நாலு வருடப் படிப்பில்கூட யாரும் இப்படிக் கேட்டதில்லை. கடைசி வரிசையைப் பார்த்தேன். நைனா பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் பொன்னாடையைச் சரி செய்துகொண்டு, "வேலை இல்லன்னு யாரு சொன்னது? நர்ஸுங்க மெஷினைத் தொடுறவங்க. நாம அதைச் செய்யறவங்க" என்றேன்.

ஹால் முழுக்கக் கைதட்டினார்கள். சாப்பாடு போட்டு வளர்த்த நர்ஸ்களை ஒரு கைதட்டலுக்காக இப்படிச் சொன்னேனே என்று அப்போது உறைக்கவே இல்லை. அந்தப் பெண் நோட்டில் எதையோ எழுதிக்கொண்டு உட்கார்ந்தாள்.

அதன்பிறகு நான் அதை மறந்துபோனேன் என்று சொன்னால் நம்புவீர்களா? மறந்துதான் போனேன்.

போன வருடம் எங்கள் கம்பெனியில் புதிதாக ஒரு பேட்ச் எடுத்தார்கள். அவர்கள் போடுகிற நம்பர் சரியா என்று பார்க்கிற வேலை எனக்கு. முதல் நாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பெண் என்னைத் தேடி ஓடி வந்தாள். "அக்கா, என்னைத் தெரியுதா? செஞ்சி. ஸ்கூல்ல நான்தான் கேள்வி கேட்டேன்." முகம் அப்படியே இருந்தது, கண்ணுக்குக் கீழே மட்டும் கறுத்திருந்தது. நான் சொன்ன படிப்பையே படித்திருந்தாள். பத்து மாதம் வேலை தேடி அலைந்திருக்கிறாள். பைக் ஓட்டத் தெரியுமா என்று அவளையும் கேட்டிருக்கிறார்கள்.

"நீங்க எப்பக்கா இங்க வந்தீங்க? அந்த மெஷின் வேலைய விட்டுட்டீங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் ஒரு துளி கூடச் சந்தேகம் இல்லை. "அது பெரிய கதை, அப்புறம் சொல்றேன்" என்று நழுவினேன். கடவுள் கொடுத்த இரண்டாவது வாய்ப்பையும் அப்படித்தான் விட்டேன்.

கேன்டீன் சுவரில் ஐந்து வருடம் முடித்தவர்களின் போட்டோ மாட்டியிருப்பார்கள். என் போட்டோவும் இருக்கிறது, கீழே சேர்ந்த தேதியோடு. இரண்டு வாரம் கழித்து அவள் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதன் முன்னால் நிற்பதைப் பார்த்தேன். விரலை மடக்கி எண்ணினாள். நான் அவள் பள்ளிக்கூடத்தில் பேசியதற்கு ஒரு வருடம் முன்பே இங்கே சேர்ந்துவிட்டேன் என்று கண்டுபிடிக்கப் பெரிய கணக்கு ஒன்றும் தேவையில்லை.

சண்டை போடவில்லை. அழவில்லை. மறுநாள் காலையில் ஒரு ஃபைலைப் பற்றிக் கேட்க வந்தவள், "மேடம், இது சரியா?" என்றாள். அன்றிலிருந்து மேடம்தான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் ராத்திரி நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினேன். போகி அன்று காலை கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் திருவிழாக் கூட்டம். முட்டி மோதி ஏறினால் ஒரே ஒரு சீட்தான் காலி, அவள் பக்கத்தில். உட்கார்ந்தேன். திண்டிவனம் வரைக்கும் இரண்டு பேரும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தோம். அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"உன் செட்டுப் பொண்ணுங்கல்லாம் இன்னா பண்றாங்க?" என்றேன்.

"அன்னிக்கி என் பக்கத்துல உக்காந்திருந்தாளே, அவ நர்சிங் சேந்தா. இப்ப விழுப்புரத்துல கவர்மென்ட் ஆஸ்பத்திரில இருக்கா. நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் சேர்றதா இருந்தோம்."

"நான் தப்பு பண்ணிட்டேன்மா. எங்க நைனா எதிர்ல உக்காந்திருந்தாரு. வாய் வரல."

அவள் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "தெரியலன்னு சொல்லியிருந்தாகூட போதும் மேடம். நான் வேற யாரையாச்சும் கேட்டிருப்பேன்."

செஞ்சிக்கோட்டை மலை கண்ணில் பட்டதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "எங்க அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வந்திருப்பாரு. அவரு எதிர்ல அக்கான்னு கூப்பிடுவேன். ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றாள். எதற்கு இப்படிச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

இறங்கினோம். டி.வி.எஸ். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒருவர் நின்றிருந்தார். காலில் இன்னும் சேற்றுக் கறை. "அப்பா, நான் சொன்னேன்ல, அந்த அக்கா" என்றாள் அவள். அவர் சட்டென்று இரண்டு கையையும் கூப்பிவிட்டார். என்னைவிட முப்பது வயதாவது மூத்தவர்.

"நீங்கதானாம்மா அது. நல்லா இருக்கணும் நீங்க. அவங்க அம்மா நர்சிங்தான் சேக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னா. நான்தான், நர்சுங்க மெஷினத் தொடுறவங்க, நாம அதச் செய்யறவங்கன்னு அந்தம்மா சொல்லியிருக்குது, அதுவே படிக்கட்டும்னு சேத்தேன். இப்ப உங்க கம்பெனிலயே மெஷின் செய்யற வேலையும் வாங்கிக் குடுத்துட்டீங்களாமே. ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை. நைனாவிடம் நான் சொன்ன அதே ஆமாவை அவளும் அவள் அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறாள். நான் சொன்ன வாக்கியம், ஒரு எழுத்து மாறாமல், அந்த மனிதர் வாயிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. செருப்பால் அடித்திருந்தால் தேவலாம் என்று இருந்தது.

வண்டியில் மாட்டியிருந்த ஒரு பையைக் கழற்றி என் கையில் திணித்தார். "நம்ம கொல்லில வெளஞ்சதும்மா. வீட்டுக்குக் குடுத்தனுப்பறதுக்குன்னே எடுத்தாந்தேன்." காய வைத்த மல்லாட்டை. சென்னையில் வேர்க்கடலை என்பார்களே, அது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, வாங்கிக்கொள்ளவும் யோக்கியதை இல்லை. வாங்கிக்கொண்டேன். "வரேங்க்கா" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறிப் போனாள்.

வீட்டுக்குப் போனதும் நைனா அந்தப் பையைப் பிரித்து, மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டே, "எவ்ளோ திரட்சியா இருக்குது பாரு, யாரு குடுத்தது?" என்றார். அன்றைக்குச் சொன்னேன். ஏழு மாதம், கோடிங், பள்ளிக்கூடம், அந்தப் பெண், அவள் அப்பா, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். நைனா திட்டுவார், இல்லை அழுவார் என்று நினைத்தேன். உடைத்த பருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு இன்னாம்மா. கடைக்கு வர்றவங்ககிட்ட, எம் பொண்ணு வேற வேல பாக்குதுன்னு சொல்லிக்கறேன். அந்த ஆளுகிட்ட யாரு சொல்லுவா?"

பருப்பைப் பைக்குள்ளேயே போட்டு, வாயைக் கட்டிப் பரணில் வைத்துவிட்டார். அதை அவர் மறுபடி எடுத்து நான் பார்க்கவில்லை.

இந்த மாசியிலும் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். இந்தப் படிப்புக்கு என்ன வேலை இருக்கிறது, எது இல்லை, பெண்ணாகப் போனால் என்ன கேட்பார்கள், நான் என்ன பார்க்கிறேன், எல்லாவற்றையும். கிளம்புவதற்கு முன்னால் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னேன். அவள் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போகாதீங்க மேடம். எங்க ஊருப் பொண்ணுங்க ஆறு பேரு அங்க படிக்குது. சாயங்காலமே அப்பா காதுக்குப் போயிடும். கொஞ்ச நாளு போகட்டும், நானே சொல்லிக்கறேன்."

நான் போகவில்லை. எனக்குப் பதில் வேறு யாரோ பொன்னாடை போர்த்திக்கொண்டு பேசியிருப்பார்கள், யாரோ ஒரு பெண் எழுந்து கேட்டிருப்பாள். இதை எழுதலாமா என்றுகூட அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊரும் பேரும் போடாமல் எழுதுங்கள் என்றாள். அன்றைக்கு உண்மையைச் சொல்ல என் வெட்கம் ஒன்றுதான் குறுக்கே நின்றது, இன்றைக்கு அதே உண்மையைச் சொல்ல நான் இன்னொருத்தியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு நிற்கிறேன்.