நைனாவின் கண் பரீட்சை

எங்கள் நைனா எழுதிய ஒரே இங்கிலீஷ் பரீட்சைக்கு டீச்சர் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் அடுக்கியிருந்த சரக்கை இரண்டு தடவை இடித்துவிட்டார். அந்த நேரம் பார்த்து, வண்டி ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் கண் பரிசோதனை என்று கம்பெனியில் அறிவித்தார்கள். தேறாவிட்டால் வண்டியிலிருந்து இறக்கிவிடுவார்களே என்று வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. அதே கம்பெனியில் இருந்த மாமா மட்டும் தெம்பாக இருந்தார். முந்தின வாரம் பரிசோதனைக்குப் போனபோதே எழுத்து அட்டையை செல்போனில் படம் பிடித்து வந்திருந்தார்.

அந்தப் படத்தை வைத்து மூன்று நாள் நைனாவைப் படுத்தி எடுத்தேன். தப்பாகச் சொன்னால் முழங்காலில் ஸ்கேலால் ஒரு தட்டு. கடைசி வரிவரை கடகடவென்று ஒப்பிக்க வைத்துவிட்டுத்தான் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் முகாம். நானும் கூடப் போனேன். அட்டையில் கேட்காத வரியையும் சேர்த்துச் சொன்னார் நைனா. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த மேஜையில் ஒரு மெஷின் இருந்தது. இளவயது அக்கா ஒருத்தி அதில் மோவாயை வைக்கச் சொன்னாள். கண்ணில் புஸ்ஸென்று காற்றடித்ததும் நைனா நாற்காலியோடு பின்னால் போனார். அவள் திரும்பத் திரும்ப மூன்று தடவை எடுத்துப் பார்த்தாள்.

"நான்தான் எல்லாத்தையும் கரெக்டா சொல்லிட்டனேம்மா," என்றார் நைனா.

"இதுக்கு நீங்க ஒண்ணும் சொல்ல வாணாண்ணா. கண்ணுக்குள்ள பிரஷர் ஜாஸ்தியா இருக்கு. வலிக்காது, ஆனா ஓரத்துல இருந்து பார்வை போய்க்கினே இருக்கும்."

கம்பெனிக்கு எழுத வேண்டாம் என்று நைனா கெஞ்சிப் பார்த்தார்.

"எழுதாம வுட்டா கண்ணு பூடும்ணா. போனது திரும்ப வராது," என்று சொல்லி அவள் எழுதியே விட்டாள்.

நைனாவை ஸ்டோருக்கு மாற்றினார்கள். நான் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் கெடுத்துவிட்டாளே என்று அந்த அக்காவை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு திரிந்தேன். பிறகு ஆஸ்பத்திரியில் பார்த்த பெரிய டாக்டரோ, நேர்ப்பார்வை நன்றாகவே இருக்கிறது, அந்த எழுத்துகளை மனப்பாடம் செய்யாமலே படித்திருக்கலாம் என்றாராம். இடது கண்ணின் ஓரப்பார்வைதான் பாதி போயிருந்தது. அன்று ஆரம்பித்த சொட்டு மருந்தை நைனா இன்னும் விடவில்லை. மீதிப் பார்வையும் அவரை விடவில்லை. என் மகளின் நோட்டைப் புரட்டி, கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று அவர் குறை சொல்லும்போதெல்லாம், பெயர்கூடத் தெரியாத அந்த அக்காவை மனதுக்குள் கும்பிட்டுக்கொள்கிறேன்.

அன்று முகாம் முடிந்து ஹைவேயைக் கடக்கும்போது, எப்போதும்போல என்னை இடப்பக்கம் விட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். லாரி வருதா பார் என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைத்தார். எனக்கு ரோட்டைக் கடக்கப் பழக்குகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.