முதலாளி வீட்டுத் திராட்சைக் கொடி

தொண்ணூறுகளில், வீரபாண்டியில் எங்கள் எதிர்வீட்டில் ஒரு சாயப்பட்டறை முதலாளி இருந்தார். அவருடைய பட்டறைக் கழிவு இறங்கி, தெருக் கிணறுகளெல்லாம் உப்புக் கரித்தன. கசங்காத வெள்ளைச் சட்டையோடு அவர் தினமும் தன் திராட்சைக் கொடிக்கு லாரித் தண்ணீர் ஊற்றுவார்.

"ஏனுங்க, கிணத்துத் தண்ணி ஊத்தக் கூடாதுங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதை ஊத்துனா வேர் கருகிப் போயிருமுங்க."

"எங்க கொழந்தைக அதைத்தானுங்க குடிக்குது."

"காய்ச்சிக் குடிக்கச் சொல்லுங்க" என்றபடி கொடிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழுக்கும் நேரத்தில் மூன்று நாள் விடாமல் மழை கொட்டியது. பழமெல்லாம் வெடித்து அழுகிப்போனது.

"இந்த மழைக்குக் கொஞ்சமாச்சும் மனசாட்சி இருக்குதுங்களா?" என்று என்னிடமே வந்து கேட்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் அந்த மனிதர் நடிக்கவில்லை; அதுதான் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.