ஐம்பத்திரண்டரை ஓம்

புணேயில் கராடி என்ற பகுதியில் ஒரு ஐடி நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் வேலை கிடைத்து நான் மட்டும் அங்கே வந்திருந்தேன். கணவர் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னியல் ஆசிரியர். மாமியாருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கூட்டிப் போய்க் கூட்டி வர அவரை விட்டால் ஆள் இல்லை. ஆகவே எங்கள் குடித்தனம் பெரும்பாலும் போனில்தான் நடந்தது.

இரண்டாம் வருடக் குளிர்காலத்தில் என் வாடகை வீட்டு கீசர் மக்கர் செய்யத் தொடங்கியது. அடுப்படியில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே அவரிடம் சொன்னேன்.

"ஏனுங்க, கீசர்ல சூடே வர மாட்டேங்குது. ரொம்ப நேரம் போட்டு வெச்சாத்தான் வெதுவெதுன்னு வருது."

"என்னன்னு அளந்து பாத்துரலாம், இரு" என்றார்.

கூரியரில் ஒரு சின்ன மீட்டர் வந்தது. சுவரில் அதைச் செருகி, அதன்மேல் கீசர் பிளக்கைச் செருக வேண்டும். ஒரு பொத்தானை அழுத்தினால் வோல்ட், இன்னொரு முறை அழுத்தினால் ஆம்பியர்.

"ஈரக்கையோட தொடாத அம்மிணி. எதையும் கழட்டாத. நம்பரை மட்டும் படி."

"இருநூத்தி இருபத்தாறு வோல்ட். நாலு புள்ளி மூணு ஆம்பியர்."

"ரெண்டையும் பெருக்கு. அதுதான் வாட்."

போனிலேயே பெருக்கினேன். "தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு."

"கீசர் மேல எத்தனைன்னு போட்டிருக்கு?"

"ரெண்டாயிரம்."

"பாதிகூட இல்ல. இப்ப வோல்ட்டை ஆம்பியரால வகு. அது தடை."

"ஐம்பத்திரண்டரை ஓம்."

"நல்ல கீசர்னா இருபத்தாறு, இருபத்தாறரைதான் வரணும். உனக்கு ரெண்டு மடங்கு காட்டுது." அவர் குரலில் குஷி தெரிந்தது. "உள்ள ரெண்டு காயில் பக்கம் பக்கமா இருக்குது. கரண்ட் போக ரெண்டு வழி. அதுல ஒண்ணு அறுந்து போயிருச்சு. மிச்சம் ஒரே வழி, அதனால தடை ரெண்டு மடங்கு, கரண்ட் பாதி, சூடும் பாதி."

பத்தாம் வகுப்போடு நான் இயற்பியலை விட்டவள். ஆனாலும் மூடிக் கிடக்கும் ஒரு பீப்பாய்க்குள் என்ன நடக்கிறது என்று கோவையில் உட்கார்ந்துகொண்டு அவர் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது.

"பொங்கலுக்கு நானே வந்து மாத்தித் தர்றேன்" என்றார்.

பொங்கலுக்கு அவரால் வர முடியவில்லை. மாமியாருக்கு ரத்த அழுத்தம் இறங்கி மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. அந்த வாரம் எங்கள் குடியிருப்பின் எலக்ட்ரீஷியன் மின்விசிறி பார்க்க வந்தார். கீசரைப் பற்றிச் சொன்னதும், அரை மணி நேர வேலை, இப்போதே முடித்துவிடலாம் என்றார். "நஹி பையா, சாஹப் ஆயேங்கே", வேண்டாம், ஐயா வருவார் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சாஹப் வருவதற்கு அந்த வீட்டில் பழுதாக ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

காலையில் கீசரைப் போட்டுவிட்டு, சால்வையைப் போர்த்திக்கொண்டு காத்திருப்பேன். சாயங்காலமானால் மீட்டரோடு உட்காருவேன். இஸ்திரிப் பெட்டியை அளந்தோம், ரைஸ் குக்கரை அளந்தோம். வோல்ட் இறங்கியிருந்தால், "பக்கத்துல எல்லாரும் எதையோ போட்டுட்டாங்க போல" என்பார். இரண்டு முறை அளந்ததையே மூன்றாம் முறையும் அளந்து சொன்னேன். அவரும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டார். எண்கள் தீர்ந்த பிறகு இருவருக்கும் போனை வைக்க மனம் வராது. அந்தப் பக்கம் மாமியார் இருமுவது கேட்கும். "வெச்சுரட்டுமா?" என்பார். "ம்" என்பேன். வைக்க மாட்டார்.

குளிர் ஏறக்குறைய முடிந்த பிறகு, நாத்தனார் விடுப்பு எடுத்து வந்து அம்மாவைப் பார்த்துக்கொள்ள, அவர் நான்கு நாளுக்கு வந்தார். அன்று மதியம் பால் வாங்கக் கீழே போனவர் சிரித்துக்கொண்டே மேலே ஏறி வந்தார்.

"எலக்ட்ரீஷியனைப் பாத்தேன். மேடம் என்னைக் கீசரைத் தொடவே விடலைங்கறாரு."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் பையைத் திறந்து புதுக் காயிலை எடுத்தார். கோவைக் கடையின் உறை கசங்கி, மூலைகள் நைந்திருந்தன.

"எப்ப வாங்குனீங்க?"

"நீ ஐம்பத்திரண்டரைன்னு சொன்ன மறுநாளே."

"மீட்டரை அனுப்புன மாதிரி இதையும் கூரியர்ல போட்டிருக்கலாமில்ல? இங்க யாராச்சும் மாத்தியிருப்பாங்க."

"மாத்தியிருப்பாங்கதான்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்க்காமல் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார்.

மெயினை அணைத்து, தண்ணீரை வடித்து, கழற்றிப் பார்த்தால் ஒரு காயில் நடுவில் வெடித்துத்தான் இருந்தது. புதியதைப் பொருத்தித் தண்ணீர் நிரப்பியதும், அவர் கேட்பதற்கு முன்பே நான் மீட்டரைப் படித்தேன்.

"இருநூத்தி இருபத்திநாலு, எட்டரை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாலு வாட். தடை இருபத்தாறு சொச்சம்."

"பாஸ்" என்று என் தலையில் தட்டினார். அவர் கை முழுக்கப் பழைய காயிலின் உப்புப் பொருக்கு.

மறுநாள் கடக்வாஸ்லா போனோம். அணைக்கரையில் சுட்ட சோளம் தின்றுகொண்டு, புணே பக்கத்திலேயே ஆகுர்டியில் ஒரு கல்லூரியில் ஆசிரியர்கள் எடுப்பதாகக் கேள்விப்பட்டதைச் சொன்னேன்.

"அம்மாவுக்கு அங்க டயாலிசிஸ் பண்ற நர்ஸ் ஊசி போட்டாத்தான் பயமில்ல. இங்க கொண்டாந்தா பாஷையும் தெரியாது. எப்படி அம்மிணி?"

"தெரியுங்க. சும்மா சொன்னேன்."

நான்காம் நாள் ரயில் ஏறினார். அந்த மாதமே என் மேலாளரிடம் பேசி, மாதத்தில் ஒரு வாரம் கோவையிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கினேன். இன்றும் அப்படித்தான் போகிறது. மாமியார் டயாலிசிஸ் முடிந்து வந்து அசந்து தூங்கும் பிற்பகல்களில் நான் மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பேன், அவர் எதிரில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார். மணிக்கணக்காக இருவரும் ஒரு வார்த்தை பேச மாட்டோம். புணேயில் இருக்கும் மற்ற மூன்று வாரமும் நான் ஏங்குவது அதற்காகத்தான்.