மாமா தொலைத்த கப்பல்

செங்கடலில் மறுபடியும் கப்பல்களைத் தாக்குகிறார்களாம். ஆப்பிரிக்காவையே சுற்றிக்கொண்டு போகச் சொல்கிறார்களாம். சில நாடுகள் வன்மையாகக் கண்டித்திருக்கின்றன. கண்டிக்க முடியாதவை ஆழ்ந்த கவலை தெரிவித்திருக்கின்றன. இந்தச் செய்தியைக் கேட்டால் எனக்கு அலுப்புத்தான் வருகிறது. எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோதும் இதே கவலையைத்தான் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஏடன் வளைகுடா, சோமாலியக் கடற்கொள்ளையர்கள். சின்னப் படகில் வந்து ஏணி போட்டு ஏறி, கப்பலை ஆட்களோடு பிடித்துக்கொண்டு போய் மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள். உலகத் தலைவர்களின் கவலையைக் கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டில் எல்லாருக்கும் காது புளித்துப் போயிருந்தது.

அப்பா அப்போது பாமாயில் ஏற்றிக்கொண்டு ஐரோப்பா போய்வரும் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர். எண்ணெய் நிரப்பிவிட்டால் அந்த மாதிரிக் கப்பல் தண்ணீரில் தாழ்ந்து கிடக்கும், வேகமும் கிடையாது. கொள்ளைக்காரனுக்கு இதைவிட வசதியான கப்பல் அமையாது என்று எனக்கு விளக்கியவர் மாமா. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் பேச அவருக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லை.

மாமா, அம்மாவின் அண்ணன். அக்கரையில் புக்கிட் தெங்கா என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளோடு ஃபெரிப் படகு ஏறி, இக்கரைத் தீவில் ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடியின் பதினோராவது மாடியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். அப்பா கடலில் இருக்கும் மாதங்களில் தங்கைக்கு ஓர் ஆண் துணை வேண்டும் என்பது அவருடைய எண்ணம். துணை என்பது பெரும்பாலும் எங்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதுதான். உலகத்துக் கப்பல்களையெல்லாம் வரைபடத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டும் ஓர் இணையத்தளத்தை அவர் கண்டுபிடித்திருந்தார். அப்பாவின் புள்ளி இலங்கையைத் தாண்டியதும் அவருடைய சொற்பொழிவு தொடங்கும். எந்த நாட்டுப் போர்க்கப்பல் எதற்காக வந்திருக்கிறது, எவன் உண்மையிலேயே காவல் காக்கிறான், எவன் காவல் என்று சொல்லிக்கொண்டு பக்கத்து நாட்டை வேவு பார்க்கிறான் என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. அம்மா நாள் முழுக்கக் கிளினிக்கில் நின்றபடி மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வந்து, மீனைக் கழுவிக்கொண்டே இந்த உலக அரசியலையும் கேட்டுத் தொலைக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா கப்பலிலிருந்து போன் செய்தார். அம்மா பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். "ம்", "சரி" என்பதைத் தவிர எதுவும் பேசியதாகத் தெரியவில்லை. என்னிடம் கொடுக்காமலே வைத்துவிட்டாள். நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தேன்.

மறுநாள் சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து மாமாவின் அலறல் கேட்டது.

"தங்கச்சி, கப்பல காணோம்லா!"

"கப்பல் என்னா வீட்டுச் சாவியா அண்ணே, காணாம போறதுக்கு?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

"நேத்து இங்கதான இருந்திச்சு! இப்ப புள்ளியே இல்ல. மோசமான எடம் தங்கச்சி இது."

"லைன் சரியில்லாம இருக்கும். வந்து சாப்புடு."

மாமா சாப்பிடவில்லை. கீழே இறங்கிப் போய்க் காவலாளியிடம் சொன்னார். பிறகு கோயில் நிர்வாகத்தில் இருந்த நண்பரிடம் சொன்னார். செவ்வாய்க்கிழமை மாலை நானும் அம்மாவும் வீடு திரும்பியபோது வாசலில் எட்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. வந்தவர்கள் சாவு வீட்டில் உட்காருவதுபோலச் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டி ஒரு பை நிறைய ஆரஞ்சு கொண்டுவந்து கொடுத்து என் தலையைத் தடவினார். அம்மா அந்த ஆரஞ்சையே அறுத்து எல்லாருக்கும் கொடுத்தாள். அவர்கள் தின்றுகொண்டே அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அவள் அழாதது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை.

என் கையெழுத்து அழகாக இருக்கும் என்பதால் மாமா வெளியுறவு அமைச்சருக்கு என்னைக் கடிதம் எழுத வைத்தார். மூன்று பக்கம். அதில் இரண்டரைப் பக்கம் மற்ற நாடுகளின் கடற்படைகள் செய்யும் தவறுகள். கடைசி அரைப் பக்கத்தில்தான் அப்பா வந்தார். அந்தக் கடிதம் மாதக்கணக்கில் மாமாவின் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளேயே கிடந்தது வேறு விஷயம்.

புதன்கிழமை மாமா பிடிவாதமாக நின்றார். "ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டியா இல்லியா?"

"கேட்டேன். ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க."

"ஒண்ணும் இல்லேன்னா? புருசன் கப்பல் காணோம், நீ என்னாடான்னா துணி மடிச்சுக்கிட்டு இருக்கியே!"

"மடிக்கலேன்னா நாளைக்கு நீயா வந்து மடிப்ப?"

மாமா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன்.

வியாழக்கிழமை அவர் ஒரு பத்திரிகைக்காரரை அழைத்து வந்துவிட்டார். இளைஞர்தான், கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கூச்சத்தோடு நின்றார். அம்மா இரும்புக் கதவைத் திறக்கவே இல்லை.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல தம்பி. போய்ட்டு வாங்க."

"பேப்பர்ல வந்தாத்தான் கவர்மெண்டு அசையும்!" என்று மாமா பின்னாலிருந்து கத்தினார். "கப்பல் பேரு, எங்க போச்சு, எல்லாத்தையும் நான் சொல்றேன், நீங்க எழுதுங்க!"

"அண்ணே, வாய மூடு."

அம்மா தன் அண்ணனிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மாமாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. வாசலில் கிடந்த நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பத்திரிகைக்காரர் லிஃப்டுக்குப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அலமாரியில் அப்பாவின் படம் ஒன்று இருந்தது. கப்பல் தளத்தில் வெள்ளை வேலையுடையில் நிற்கிறார். பின்னால் கப்பலின் பெயர் பெரிய எழுத்தில் தெரியும். அம்மா அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து அதை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினேன். அடுத்த லிஃப்டைப் பிடித்துக் கீழே போய், மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் பத்திரிகைக்காரரைப் பிடித்துவிட்டேன்.

"எங்கப்பா. இத போடுங்க அண்ணே."

அவர் படத்தை வாங்கிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா வந்துவிட்டாள். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் பதினோரு மாடியும் படியிலேயே இறங்கி வந்திருந்தாள். காலில் செருப்பில்லை. அவள் கையை நீட்டினாள். அவர் "சாரிக்கா" என்று படத்தைக் கொடுத்துவிட்டார்.

லிஃப்டில் ஆட்கள் இருந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துப் படிப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். நாலாவது மாடி வரை பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"ஒங்களுக்கு அப்பா மேல பாசமே இல்ல! மாமாவுக்குத்தான் இருக்கு!"

அம்மா படியில் உட்கார்ந்தாள். படத்தின் கண்ணாடியைத் துப்பட்டாவால் துடைத்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"கொஞ்சம் இரும்மா," என்றாள். "மூச்சு வாங்குது."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா போன் செய்தார். சிக்னலில் ஏதோ கோளாறாம். இப்போது செங்கடலுக்குள் வந்துவிட்டார்களாம். மாமா போனைப் பிடுங்கிக்கொண்டு ஓவென்று அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, தான் மட்டும் சத்தம் போடாமல் இருந்திருந்தால் எவனும் அசைந்திருக்க மாட்டான் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். கோயிலில் அவருக்கு மாலைகூடப் போட்டார்கள்.

போன மாதம் செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது, "சும்மா கவலப்பட்டுக்கிட்டே இருக்கானுங்க," என்று அம்மா தொலைக்காட்சியைப் பார்த்து எரிந்து விழுந்தாள். அந்த வாரம் உங்களுக்குப் பயமாகவே இல்லையா என்று அப்போதுதான் கேட்டேன்.

அப்பா ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருந்தாராம். புள்ளியைக் கொள்ளைக்காரர்களும் பார்ப்பார்கள் என்பதால் ஆபத்தான இடத்தைக் கடக்கும்வரை கேப்டன் சிக்னல் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார், மூன்று நாளைக்குப் புள்ளியும் தெரியாது, போனும் வராது, யாரிடமும் மூச்சு விடாதே என்று. "அதுலயும் ஒங்க மாமாகிட்ட சொல்லவே கூடாதுன்னாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாம் தெரிந்துகொண்டுதான் அவ்வளவு அமைதியாக இருந்தாளா! சிரித்துக்கொண்டே நாட்களை எண்ணினேன். திங்கள், செவ்வாய், புதன். பத்திரிகைக்காரர் வந்தது வியாழன்.

"மூணு நாளுன்னுதான சொன்னாரு?"

"ஆமா. மத்த கப்பல்களோட சேர்ந்து போறதுக்காக ரெண்டு நாள் கூடுதலா காத்துக்கிட்டு இருந்தாங்களாம்," என்றாள் அம்மா. "அது எனக்கு அன்னிக்கு எப்பிடித் தெரியும்?"

அன்று அந்தப் படியில் அவள் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, மீதி ஏழு மாடியும் என் கையை விடாமல் ஏறினாள். கை வலித்தது. அம்மாவுக்கு என் மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொண்டே நானும் கூட ஏறினேன்.